டாக்டரிடம் கேளுங்கள்: வைட்டமின் குறைந்தால்

சென்ற இதழில் வைட்டமின் குறைபாடு பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். கட்டுக்கட்டாகக் கடிதங்கள் வந்துவிட்டன. பாதிக் கடிதங்களோடு ரத்தப் பரிசோதனை அறிக்கையும் இருந்தது. கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

நான் குழந்தை மருத்துவர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கி 33 வருடம் அரசுப் பணியில் இருந்துவிட்டு, இப்போது கும்பகோணத்தில் மாலை நேரத்தில் மட்டும் நோயாளிகளைப் பார்க்கிறேன். பெரியவர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதும் முன் பொது மருத்துவரான என் தோழியிடமும் கேட்டுக்கொண்டேன். எல்லாக் கடிதங்களும் "எந்த மாத்திரை வாங்கட்டும்?" என்றுதான் முடிகின்றன. அதற்குமுன் "எனக்கு இது ஏன் குறைந்தது?" என்று ஒருவராவது கேட்டிருக்கக் கூடாதா என்று ஏங்கியபடியேதான் படித்தேன். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மாத்திரை மட்டும் போட்டால், மாத்திரை தீர்ந்ததும் குறை திரும்பி வந்து நிற்கும்.

என் மாமியாருக்கு 70 வயது. மூட்டுவலிக்காக டாக்டரிடம் போனபோது வைட்டமின் டி 14 என்று வந்தது. 60,000 யூனிட் பவுடர், வாரம் ஒரு பாக்கெட், 8 வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். சாப்பிட்டதும் தெம்பாக இருக்கிறது என்று மாமியாரே கடையில் வாங்கி, 2 மாதமாகத் தினமும் ஒன்று பாலில் கலந்து குடிக்கிறார். இப்போது குமட்டல், மலச்சிக்கல், ஓயாத தாகம். பவுடரை மாற்ற வேண்டுமா?
— வாசகி, திருப்பூர்

இந்த அம்மாவிடம், இதழ் அச்சுக்குப் போகும் முன்பே தொலைபேசியில் பேசிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். பவுடரை அன்றே நிறுத்த வேண்டும். கூடவே கால்சியம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். அதே நாளில் மருத்துவமனைக்குப் போய் ரத்தத்தில் கால்சியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 600 யூனிட். அப்படியானால் 60,000 யூனிட் பாக்கெட் ஒன்றில் 100 நாள் தேவை அடங்கியிருக்கிறது. டாக்டர் எழுதிய 8 பாக்கெட்டில் மொத்தம் 4,80,000 யூனிட். உங்கள் மாமியார் 2 மாதத்தில் சாப்பிட்டது 36 லட்சம்! வைட்டமின் சி அதிகமானால் சிறுநீரில் போய்விடும். டி அப்படிப் போகாது, கொழுப்பில் தங்கிவிடும். அது ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிக்கொண்டே போகும். வாந்தி, தாகம், அடிக்கடி சிறுநீர், குழப்பமான பேச்சு எல்லாம் அதனால் வருபவை. கண்டுகொள்ளாமல் விட்டால் சிறுநீரகம் பழுதாகும். "சத்து மருந்துதானே, கூடுதலாகச் சாப்பிட்டால் என்ன" என்ற எண்ணத்தை ஏ, டி இரண்டு விஷயத்திலும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

சரி, இவ்வளவு வெயில் அடிக்கும் ஊரில் டி ஏன் குறைகிறது? தோலில் டி உருவாக வேண்டுமென்றால் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களில் ஒரு வகை தோலில் பட வேண்டும். காலை 6 மணி வெயில் இதமாக இருக்கும், ஆனால் அதில் அந்தக் கதிர் ஏறக்குறைய இல்லை. கண்ணாடி ஜன்னல் அதைத் தடுத்துவிடும். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமே சரியான நேரம். முகம், முழங்கை வரை கை, கால் தெரிய, வாரத்தில் சில நாட்கள் 20 நிமிடம், அரை மணி நேரம் போதும். நம்மைப் போல் கறுத்த தோலுக்கு வெள்ளைத் தோலைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும். சித்திரை மாத உச்சி வெயிலில் போய் வயதானவர்கள் நிற்க வேண்டாம். பத்தரை, பதினொரு மணிக்கு மாடியில் வற்றல் காயப்போடுவதும் துணி உலர்த்துவதும் பழைய வீடுகளில் தானாக நடந்த வேலைகள். இப்போது அடுக்குமாடி வீட்டில் அதற்கு வழி இல்லாமல் போய்விட்டது. உங்கள் மாமியார் கடைசியாக எப்போது வெயிலில் இருந்தார் என்று கேட்டேன். முழங்கால் வலியால் 2 வருடமாகப் படி இறங்கவில்லை என்றீர்கள். அவருக்குக் குறை வந்த வழி அதுதான்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஒரு வார்த்தை. தாய்ப்பாலில் டி மிகக் குறைவு. அதனால்தான் முதல் ஒரு வருடம் தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து தரச் சொல்கிறோம். கடையில் ஒரு மில்லிக்கு 400 யூனிட் உள்ளதும் இருக்கிறது, 800 உள்ளதும் இருக்கிறது. பாட்டில் மாறும்போதெல்லாம் லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

அப்பாவுக்கு 68 வயது. பிறந்ததிலிருந்து சைவம். சர்க்கரைக்கு 12 வருடமாக மெட்ஃபார்மின். நெஞ்செரிச்சலுக்குத் தினமும் காலையில் ஒரு மாத்திரை. ஒரு வருடமாகப் பாதம் மரத்து, பஞ்சின் மேல் நடப்பதுபோல் இருக்கிறது என்கிறார். செருப்பு கழன்று போவதுகூடத் தெரிவதில்லை. இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. சர்க்கரைக்காரர்களுக்கு இப்படித்தான் வரும் என்று விட்டுவிடலாமா?
— வாசகி, காரைக்குடி

விட்டுவிடாதீர்கள். சர்க்கரையாலும் பாதம் மரக்கும், உண்மைதான். ஆனால் நீங்கள் எழுதிய நான்கு வரியில் பி12 குறைவதற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன.

பி12 எந்தச் செடியிலும் உருவாவதில்லை. நுண்ணுயிர்கள்தான் அதை உண்டாக்குகின்றன. அது விலங்குகளின் உடம்புக்குள் போய், இறைச்சி, மீன், முட்டை, பால் வழியாக நமக்கு வருகிறது. சைவம் சாப்பிடுபவருக்குப் பாலும் தயிரும் மட்டும்தான் வழி. அப்படி வந்ததை உணவின் புரதத்திலிருந்து பிரித்தெடுக்க இரைப்பையில் அமிலம் வேண்டும். நெஞ்செரிச்சல் மாத்திரை அந்த அமிலத்தைக் குறைக்கிறது. கடைசியில் சிறுகுடலின் முடிவில் அது உறிஞ்சப்பட வேண்டும். மெட்ஃபார்மின் அந்த இடத்தில் தடை செய்கிறது. கல்லீரல் சில வருடங்களுக்கு வேண்டிய பி12-ஐச் சேமித்து வைத்திருக்கும். அதனால்தான் மாத்திரை தொடங்கிப் பல வருடம் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, அப்புறம் மெல்ல வெளிப்படுகிறது.

நரம்பின் மேல் ஓர் உறை இருக்கிறது, மின்கம்பிக்கு ரப்பர் உறை மாதிரி. பி12 இல்லாவிட்டால் அந்த உறை சிதையும். அதுதான் மரப்பு, தடுமாற்றம், மறதி. அப்பாவின் நாக்கைப் பாருங்கள், வழுவழுவென்று சிவந்திருக்கிறதா? விரல் மூட்டுகளின் மேல் தோல் முன்பைவிடக் கறுத்திருக்கிறதா? இரண்டும் பி12 குறையும்போது அடிக்கடி காணக்கூடியவை.

செய்ய வேண்டியது: பி12 அளவும் முழு ரத்தப் பரிசோதனையும் பாருங்கள். குறைந்திருந்தால் நரம்புக் கோளாறு உள்ளவருக்குப் பெரும்பாலும் ஊசியில்தான் தொடங்குவார்கள். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம். அது நல்ல மருந்து, பி12-ஐ ஈடுகட்டிக்கொண்டே தொடரலாம். நெஞ்செரிச்சல் மாத்திரை இன்னும் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பலர் ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்ததைப் பத்து வருடம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். முக்கியமாக, பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் உள்ள மாத்திரையைக் கொடுக்காதீர்கள். அது பி12 குறைவால் வந்த ரத்தசோகையைச் சரிசெய்து எல்லாம் நன்றாக இருப்பதுபோல் காட்டும். நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போகும்.

பழைய சோற்றில் பி12 நிறைய இருக்கிறதாமே என்று தனியாக மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பழைய சோறு எனக்கும் பிடிக்கும், வயிற்றுக்கும் நல்லது. ஆனால் பி12-க்கு அதை நம்பி இருக்க முடியாது. சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரையும் அப்படியே. அதில் இருப்பதில் பெரும்பகுதி பி12 போலத் தோற்றம் தரும் வேறு பொருள், நம் உடம்புக்கு உதவாது.

என் பெரியப்பாவுக்கும் இதே கதைதான். ஊருக்கே கணக்கு எழுதிக் கொடுத்தவர், கூட்டல் தப்பாகப் போட ஆரம்பித்தார். வயசாகிவிட்டது என்றோம். மருத்துவரான நானும் அப்படித்தான் சொன்னேன். ஒன்றரை வருடம் கழித்து, அவர் தடுமாறி விழுந்த பிறகுதான் பரிசோதனை செய்தோம். ஊசி போட்டபின் மறதி பெரும்பாலும் சரியானது, மறுபடி செய்தித்தாள் படித்தார். கால் மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. அந்த ஒன்றரை வருடத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு இப்போதுதான் ஒரு வருடம் ஆகியிருக்கிறது. இந்த வாரமே அழைத்துப் போங்கள், அம்மா.

ரேஷன் அரிசியில் மஞ்சளாகச் சில மணிகள் கிடக்கின்றன. தண்ணீரில் மிதக்கின்றன. பிளாஸ்டிக் அரிசி என்று எங்கள் தெருவே பேசுகிறது. நான் பொறுக்கி எறிந்துவிடுகிறேன். சரிதானே?
— வாசகி, விழுப்புரம்

நீங்கள் எறிவதுதான் அந்த அரிசியின் சத்து, சகோதரி. அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் கலந்து, இயந்திரத்தில் மறுபடி அரிசி வடிவில் பிழிந்து எடுக்கிறார்கள். சாதாரண அரிசி 100 மணிக்கு இது ஒன்று என்ற கணக்கில் கலக்கிறார்கள். மாவிலிருந்து செய்ததால் நிறமும் எடையும் கொஞ்சம் மாறியிருக்கும், மிதக்கும். ஒரு தட்டில் வைத்து விரலால் நசுக்கிப் பாருங்கள், மாவாகத்தான் உடையும். அதிகம் அலசாமல், கஞ்சி வடிக்காமல் சமைத்தால் முழுப் பலன். வீட்டில் யாருக்காவது தலசீமியா இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

பெரிபெரி என்று பள்ளியில் மனப்பாடம் செய்தேன். இப்போதும் அப்படி ஒரு நோய் இருக்கிறதா? என் மருமகள் புழுங்கல் அரிசி வாசனை பிடிக்காமல் பாலிஷ் போட்ட பச்சரிசிச் சோறுதான் வடிக்கிறாள். நான்கு முறை கழுவி, கஞ்சியையும் கொட்டிவிடுகிறாள். சொன்னால் கோபம் வருகிறது.
— வாசகி, சீர்காழி

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எங்கள் கிராமத்து வீட்டின் கொல்லைப்புறம் நினைவுக்கு வந்துவிட்டது. அம்மா முதல் நாள் நெல்லை ஊறவைத்து, விடியற்காலையில் அண்டாவில் அவித்து, களத்தில் கொட்டிக் காலால் துழாவிக் காயவைப்பார். அந்த ஆவி வாசனை தெரு முனை வரை வரும். அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது மருத்துவம் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

பெரிபெரி என்பது வைட்டமின் பி1 குறைவதால் நரம்பும் இதயமும் பாதிக்கப்படும் நோய். பி1, அதாவது தயமின், நெல்லின் உமிக்கு அடியில் உள்ள தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. பச்சரிசியைத் தீட்டும்போது அது தவிட்டோடு மாட்டுக்குப் போய்விடும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அந்தத் தயமினில் ஒரு பங்கு அரிசியின் உள்ளே இறங்குகிறது. மாவுச்சத்து இறுகி அதைப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் எவ்வளவு தீட்டினாலும், தீட்டிய பச்சரிசியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தயமின் மிஞ்சும்.

இது உலகத்துக்குத் தெரியவந்த கதையில் நம்மவர்களும் இருக்கிறார்கள். 1890-களில் ஜாவா தீவின் பட்டேவியாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் கோழிகளை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைப் போட்டபோது கோழிகளுக்குக் கால் விழுந்துவிட்டது. புதிதாக வந்த சமையல்காரர் அந்தச் சோற்றைத் தர மறுத்ததும் தீட்டாத அரிசிக்கு மாறினார்கள். கோழிகள் எழுந்து நடந்தன! வெள்ளை அரிசியில் ஏதோ விஷம் இருக்கிறது என்றுதான் ஐக்மன் முதலில் நினைத்தார். அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ், விஷம் இருப்பதால் வரும் நோய் அல்ல, அவசியமான ஏதோ ஒன்று இல்லாததால் வருகிறது என்று 1901-ல் சொன்னார். அந்த "ஏதோ ஒன்று"க்கு 1912-ல் ஃபங்க் வைத்த பெயரிலிருந்து வந்ததுதான் வைட்டமின் என்ற சொல். ஐக்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே காலத்தில் மலேயாவில் பிராடன் என்ற மருத்துவர் இன்னொன்றைக் கவனித்தார். சுரங்கங்களில் வேலை செய்த சீனர்கள் பெரிபெரியில் கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களுக்கு அந்த நோய் அரிதாகவே வந்தது. சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் ஊரிலிருந்து போகும்போதே புழுங்கல் அரிசிப் பழக்கத்தைக் கொண்டு போயிருந்தார்கள். கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் ஃப்ளெட்சர் என்பவர் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி இரண்டு அரிசியையும் கொடுத்துப் பார்த்ததிலும் அதுவே உறுதியானது. அன்றைய சென்னை மாகாணத்திலேயே, பச்சரிசி உண்ட வடசர்க்கார் (இன்றைய ஆந்திர) கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது, புழுங்கல் அரிசி உண்ட தெற்கில் இல்லை. இதை ஆராய 1918-ல் குன்னூரில் தொடங்கிய சிறிய பெரிபெரி ஆய்வுப் பிரிவுதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. 1936-ல் தயமினை முதலில் செயற்கையாகச் செய்து காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்தது நெல்லூரில். கண்ணெதிரே அரிசியால் வந்த நோயையும் அரிசியால் தப்பியவர்களையும் பார்த்த ஊர்கள் இவை.

இப்போது பெரிபெரி இருக்கிறதா என்றால், இருக்கிறது, மூன்று இடங்களில். தினமும் குடித்து, சாப்பாட்டை மறந்தவர்களிடம். மசக்கை வாந்தி வாரக்கணக்கில் நிற்காத கர்ப்பிணிகளிடம். மூன்றாவதைச் சொல்லும்போது என் மனம் பதறுகிறது: பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பத்தியம் என்று வெறும் பச்சரிசிச் சோறும் பூண்டு ரசமும் மட்டும் மாதக்கணக்கில் கொடுக்கும் வீடுகளில். தாயின் உடம்பில் தயமின் குறைந்தால் பாலிலும் குறையும். இரண்டு மூன்று மாதக் குழந்தை திடீரென்று மூச்சு வாங்கும், அழும்போது குரல் எழும்பாது, இதயம் வீங்கிவிடும். அப்படி இரண்டு குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு குழந்தைக்கு இதயநோய் மருந்துகளைக் கொடுத்துக்கொண்டே தயமின் ஊசியும் போட்டோம். சாயங்காலத்துக்குள் பால் குடிக்க ஆரம்பித்தது. இன்னொரு குழந்தை வந்து சேரும்போதே நேரம் கடந்துவிட்டது.

உங்கள் மருமகள் தினமும் பருப்பு, காய், முட்டை, வேர்க்கடலை சாப்பிடுகிறாரென்றால் பெரிபெரி வராது, அதனால் பயமுறுத்த வேண்டாம். அரிசியை இரண்டு முறை அலசினால் போதும், தண்ணீரை அளந்து வைத்து குக்கரில் பொங்கினால் வடிக்க வேண்டியதில்லை என்று மட்டும் சொல்லுங்கள். வடித்தே ஆக வேண்டுமென்றால் கஞ்சியை ரசத்தில் ஊற்றுங்கள். புழுங்கல் வாசனைதான் பிரச்சினை என்றால், இட்லிக்கு இட்லி அரிசிதானே போடுகிறீர்கள், அதுவும் புழுங்கல்தான். அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

வாய் ஓரம் இரண்டு பக்கமும் வெடித்து எரிகிறது. பி காம்ப்ளெக்ஸ் சாப்பிட்டால் போகிறது, நிறுத்தினால் வருகிறது.
— வாசகர், ஆம்பூர்

பி2 குறைந்தால் இப்படி வரும். பால், தயிர், முட்டை, கீரை சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை. விடுதிச் சாப்பாடு என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், தம்பி. தினமும் ஒரு கப் தயிரும் ஒரு முட்டையும் சேர்த்து ஒரு மாதம் பாருங்கள். அப்படியும் வந்தால் இரும்புச்சத்தையும் சர்க்கரையையும் பரிசோதிக்க வேண்டும்.

பல் துலக்கினால் ஈறில் ரத்தம். ஸ்கர்வியா? தினமும் வைட்டமின் சி மாத்திரை சப்பலாமா?
— வாசகி, சேலம்

பெரும்பாலும் பல்லில் படிந்த காரைதான் காரணம். பல் மருத்துவரிடம் சுத்தம் செய்துகொள்ளுங்கள். வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி அரிது. ஆனால் தனியாக இருந்து டீயும் பன்னுமாகவே வாழும் முதியவர்களுக்கும், இரண்டு மூன்று உணவைத் தவிர எதையும் தொடாத ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் இன்றும் வருகிறது. அந்தக் குழந்தைகள் கால்வலியால் நடக்க மறுப்பார்கள். எலும்பு, மூட்டு என்று தேடிவிட்டுக் கடைசியில்தான் ஸ்கர்வி என்று தெரியும். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் கப்பலில் ஸ்கர்வி வந்த 12 மாலுமிகளைப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தபோது, ஆரஞ்சும் எலுமிச்சையும் கிடைத்த இரண்டு பேர்தான் ஆறு நாளில் தேறினார்கள். உங்களுக்கு ஆரஞ்சுகூட வேண்டாம். 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் இருக்கிறது, ஒரு நாள் தேவையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். எலுமிச்சையை மட்டும் அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள். கொதித்தால் சத்து போய்விடும்.

முடி கொட்டுகிறது. பயோட்டின் எத்தனை மில்லிகிராம்?
— வாசகி, சென்னை (இதே கேள்வி இன்னும் ஒன்பது கடிதங்களில்)

பயோட்டின் பி வகை வைட்டமின்களில் ஒன்று, அது குறைவது அபூர்வம். இரும்புச்சத்தையும் தைராய்டையும் முதலில் பாருங்கள். ஏற்கெனவே பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும்போது அதைச் சொல்லிவிடுங்கள். தைராய்டு முடிவையும், மாரடைப்பு வந்ததா என்று பார்க்கும் ட்ரோபோனின் முடிவையும் அது தப்பாகக் காட்டக்கூடும்.

எனக்குத் திருமணமாகி 3 மாதம். குழந்தை உண்டானதும் ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிடச் சொல்வார்களாமே, இப்போதே எதற்கு என்கிறார் என் அம்மா.
— வாசகி, நாகர்கோவில்

இப்போதே தொடங்குங்கள். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கரு உண்டான நான்கு வாரத்துக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போய், கர்ப்பம் என்று உறுதியாகி நீங்கள் மாத்திரை தொடங்கும்போது அந்த வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். ஃபோலேட் (ஃபோலிக் அமிலத்தின் இயற்கை வடிவம்) குறைவாக இருந்தால் குழாய் சரியாக மூடாமல் போகலாம். முதுகில் கட்டியோடு பிறக்கும் குழந்தைகளுக்கு அதுவும் ஒரு காரணம். கருத்தரிக்கத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் போதும். முன்பு அப்படி ஒரு குழந்தை பிறந்திருந்தால், அல்லது வலிப்புக்கு மருந்து சாப்பிட்டால், கூடுதல் அளவு வேண்டும், டாக்டரிடம் கேளுங்கள்.

ஃபோலிக் அமிலத்தின் கதையும் இங்கே தொடங்கியதுதான். பம்பாயில் மில் தொழிலாளிப் பெண்கள் கர்ப்ப காலத்தில் ரத்தசோகையால் சாவதைப் பார்த்த லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவர், ஈஸ்ட் சாறான மார்மைட் கொடுத்து அதைக் குணப்படுத்த முடியும் என்று 1931-ல் காட்டினார். அந்த மார்மைட்டில் இருந்தது பிறகு ஃபோலேட் என்று தெரிந்தது. கீரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை எல்லாவற்றிலும் அது இருக்கிறது. சாப்பிடுங்கள், ஆனால் மாத்திரையையும் விடாதீர்கள்.

என் மகளுக்கு 9 மாதம். அம்மைத் தடுப்பூசி போட்ட அன்று வாயில் ஏதோ எண்ணெய் மாதிரி மருந்து ஊற்ற வந்தார்கள். கண்ணுக்கு நல்லது என்றார்கள். குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது, தேவையில்லாத மருந்து எதற்கு என்று மாமியார் தடுத்துவிட்டார். பரவாயில்லையா?
— வாசகி, உசிலம்பட்டி

அது வைட்டமின் ஏ. 9 மாதத்தில் 1 லட்சம் யூனிட். பிறகு ஒன்றரை வயதுவாக்கில் 2 லட்சம், அதன்பின் 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம். மொத்தம் 9 தவணை. 1970-லிருந்து நம் நாட்டில் நடக்கும் திட்டம். கல்லீரலில் சேர்ந்து மாதக்கணக்கில் தாங்கும் என்பதால்தான் இப்படி இடைவெளி விட்டுக் கொடுக்கிறார்கள். சில குழந்தைகளுக்கு அன்று ஒருமுறை வாந்தி வரலாம், அவ்வளவுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு தாய் தன் மூன்று வயது மகனை அம்மைக் காய்ச்சலோடு கொண்டு வந்தார். தட்டம்மை. இளைத்த குழந்தை. காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து கொடுத்து அனுப்பினேன். தட்டம்மை வந்தால் உடம்பில் இருக்கும் கொஞ்சநஞ்ச வைட்டமின் ஏ-யும் கரைந்துவிடும், அதனால் அடுத்தடுத்த இரண்டு நாளும் ஒவ்வொரு தவணை கொடுக்க வேண்டும். அலமாரியில் மருந்து இருந்தது. எனக்குத் தோன்றவில்லை. பதினைந்து நாள் கழித்து அந்த அம்மா மறுபடி வந்தார். பையன் கண்ணைத் திறக்கவில்லை. விலக்கிப் பார்த்தபோது கருவிழி பால்போல் வெளுத்து இளகியிருந்தது. கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஒரு கண்ணைத்தான் காப்பாற்ற முடிந்தது. அதற்கும் முன்பே, பொழுது சாய்ந்தால் தட்டுத்தடுமாறுவான், விளக்கு வைத்ததும் ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுவான் என்று அந்த அம்மா சொன்னார். நான் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். வாசலில் முருங்கை மரம், தரை தொடும் அளவுக்குக் கீரை. குழந்தைக்குக் கீரை ஆகாது, வயிற்றால் போகும் என்று கொடுக்கவில்லை. அந்த ஊரில் அன்றிலிருந்து வீடு வீடாக நான் சொன்னது இதுதான்: ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, நன்றாக வேகவைத்து, ஒரு ஸ்பூன் எண்ணெயோ நெய்யோ விட்டு, சோற்றோடு மசித்து. எண்ணெய் இல்லாமல் கொடுத்தால் அந்தச் சத்து உடம்பில் சேராது. பப்பாளி, மாம்பழம், பரங்கிக்காய், முட்டை மஞ்சள் கரு எல்லாமே நல்லவை.

கண் மட்டுமல்ல. திருச்சி மாவட்டத்தில் சுமார் 15,000 சிறு குழந்தைகளை வைத்து நடத்தி 1990-ல் வெளியிட்ட ஆய்வில், வாராவாரம் சிறிய அளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு பாதிக்கும் கீழே போனது. வயிற்றுப்போக்கையும் அம்மையையும் தாங்கும் பலத்தை அது தருகிறது. நன்றாக இருக்கும் குழந்தைக்குக் கொடுப்பது அதற்காகத்தான் என்று உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள்.

குழந்தையின் வெண்விழியில், கருவிழிக்கு வெளிப்பக்கம், சோப்பு நுரை ஒட்டியதுபோல் வெள்ளைத் திட்டு தெரிந்தால், அல்லது நடக்கும் வயதில் அந்தி நேரத்தில் தடுமாறினால், மறுநாளைக்கு என்று தள்ளிப்போடாமல் அன்றே காட்ட வேண்டும். உங்கள் மகளுக்கு விட்டுப்போன தவணையை இப்போதும் கொடுக்கலாம். தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு வரும் புதன்கிழமை உங்கள் கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். கொடுத்த தேதியை அட்டையில் எழுதி வாங்க மறக்காதீர்கள். அடுத்த தவணையை அந்தத் தேதியை வைத்துத்தான் கணக்கிடுவார்கள்.